மாசிக் கன்றுக்குக் கார்த்திகைத் தண்ணீர்: யாழ். மாவட்ட உள்ளூராட்சி சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாநகர முதல்வர், நகர சபைகளினதும் பிரதேச சபைகளினதும் தவிசாளர்கள், உறுப்பினர்கள், செயலாளர்கள், தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் ஆகியோருக்கு,

வணக்கம்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள் என 17 சபைகள் இருக்கின்றன. வீட்டுத்தோட்டத்துக்கென்று கன்றும் விதைப் பைக்கற்றும் கொடுக்கும் திட்டம் ஏதோவொரு வடிவில் எல்லாப் பகுதிக்கும் வந்து போகிறது. கன்று கொடுக்கிறவர்கள் அந்தக் கன்றுக்கு எந்தத் தண்ணீர், எத்தனை நாளைக்கு, எங்கிருந்து என்று கேட்பதில்லை. கார்த்திகையில் கூரையிலிருந்து கொட்டி ஒழுங்கையால் ஓடும் தண்ணீரைத் தடுத்து வைத்தால் மாசியில் நடுகிற கன்றைச் சித்திரை வரை காப்பாற்றலாம். கன்றும் மழைநீர்த் தாங்கியும் ஒரே திட்டமாக, சரியான மாதத்தில் போக வேண்டும் என்பதே இந்த மடலின் கோரிக்கை. அதை எப்படிச் செய்வது, எங்கே பிழைக்கும் என்பதையும் கணக்கோடு எழுதுகிறோம்.

முதலில் காலம். எங்கள் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதத்துக்குள் விழுந்து முடிகிறது. கார்த்திகை மழையில் வளவில் தண்ணீர் நிற்கும்போது கொடுக்கப்படும் கத்தரி, மிளகாய்க் கன்றுகளுக்கு அடித்தண்டு அழுகும். நாற்று மேடையிலேயே கழுத்து மெலிந்து சரியும். பங்குனிக் கடைசியில் கொடுத்தால் வேர் பிடிக்கிற நேரமும் வெய்யில் ஏறுகிற நேரமும் ஒன்றாகிவிடும். சரியான ஒழுங்கு இதுதான்: தை முதற்கிழமை மேடையில் விதை, மாசி முற்பகுதியில் நடுகை, சித்திரையில் காய். கத்தரியும் மிளகாயும் மேடையில் ஏறத்தாழ 30 நாள் நிற்க வேண்டும். வெண்டி, பயற்றை, பாகல், புடோல் மேடைக்குப் போகாமல் நேரே ஊன்றுபவை. தக்காளியை மட்டும் இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பங்குனி வெக்கையில் அதற்குப் பூ உதிரும், பிஞ்சு பிடிக்காது. தக்காளிக் கன்று தையிலேயே நிலத்தில் இருக்க வேண்டும். மாசியில் தக்காளிக் கன்று பகிர்வது வீண்செலவு.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1 லீற்றர். ஓட்டுக்கூரை கொஞ்சம் உறிஞ்சும், கொஞ்சம் தெறிக்கும், ஆகையால் பத்தில் எட்டுப் பங்குதான் கைக்கு வரும்; தகரத்துக்கு ஒன்பது பங்கு வைக்கலாம். 60 சதுர மீற்றர் ஓட்டுக்கூரையிலிருந்து ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் 48 லீற்றர் வரும். 5,000 லீற்றர்த் தாங்கி நிரம்ப ஏறத்தாழ 104 மில்லிமீற்றர் போதும். கார்த்திகையில் நாலைந்து நாள் தொடர்ந்து பெய்தாலே அது வந்துவிடும். மூன்று மாத மழையை 700 மில்லிமீற்றர் என்று குறைத்துப் போட்டாலும் அதே கூரை 33,000 லீற்றருக்கு மேல் தருகிறது. தாங்கிக்குள் போவது அதில் ஏறத்தாழ ஏழிலொரு பங்கு. மீதியை நிலத்துக்குள் இறக்குவது தனி வேலை, அதைப் பின்னால் சொல்கிறோம்.

செலவுப் பக்கம்: 12 கத்தரி, 12 மிளகாய், 6 வெண்டி என 30 கன்று. சின்னக் கன்றாக இருக்கும்போது அரை லீற்றரும் காய்க்கும்போது 2 லீற்றரும் என்று போக, சராசரி நாளொன்றுக்குக் கன்றுக்கு ஒன்றரை லீற்றர். அது 45 லீற்றர். கூடவே 4 மீற்றர் நீளம் 1 மீற்றர் அகலத்தில் ஒரு கீரைப்பாத்தி, சதுர மீற்றருக்கு 4 லீற்றர் வீதம் 16 லீற்றர். மொத்தம் 60 லீற்றரை ஒட்டி நிற்கும். 5,000 லீற்றரில் அடியில் விட வேண்டியதைக் கழித்தால் 4,600 லீற்றர் எடுக்கலாம்; 76, 77 நாளைக்கு வரும். மாசி முதலாந் திகதி தொடங்கினால் சித்திரை நடுப்பகுதி. அதற்கிடையில் ஒரு சித்திரை மழை 20 மில்லிமீற்றர் பெய்தால் 960 லீற்றர், இன்னும் 16 நாள்.

இந்தக் கணக்கை விட்டுவிட்டு 1,000 லீற்றர் பிளாஸ்ரிக் தாங்கி ஒன்றைக் கொடுத்து முழு வளவுக்கும் தோட்டம் போடச் சொன்னால், அது இரண்டு கிழமையில் வெறுமையாகும். பிறகு அது கிணற்றுத் தண்ணீர் ஏற்றுகிற தாங்கியாகிவிடும். அப்படி ஆன தாங்கிகள் எல்லாப் பிரிவிலும் நிற்கின்றன, உங்கள் உத்தியோகத்தர்கள் போய்ப் பார்க்கலாம்.

கிணறு இருக்கும்போது ஏன் தாங்கி என்று சபைக் கூட்டங்களில் கேட்கப்படுகிறது. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இருக்கும் மழைத் தண்ணீர், அதைவிடக் கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கணக்குப்படி கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நல்ல தண்ணீர் இருக்கும். மேல்மட்டம் 1 சென்ரிமீற்றர் இறங்கினால் உப்பு 40 சென்ரிமீற்றர் மேலே வருகிறது என்பதுதான் அதன் மறுபக்கம். மாசி தொடங்கி எல்லா வீட்டு மோட்டரும் ஒரே நேரத்தில் இறைக்கும்போது கரையோரக் கிணறுகள் பங்குனியிலேயே சவர் தட்டுவது இதனால்தான். வேலணை, காரைநகர், ஊர்காவற்றுறை, அராலிப் பக்கத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

உப்பைப் பயிர்கள் ஒரே மாதிரித் தாங்குவதில்லை. போஞ்சி, வெங்காயம், கரட் எளிதில் வாடும். தக்காளி ஓரளவு தாங்கும், பீற்றூட் நன்றாகத் தாங்கும். எந்தப் பயிரென்றாலும் முளைக்கிற நேரமும் நாற்றுப் பருவமும்தான் மிக மெலிந்த நேரம். ஆகையால் கிணறு சவராக உள்ள வளவில் தாங்கித் தண்ணீரை முதலில் மேடைக்கும் நட்ட முதல் மூன்று கிழமைக்கும் ஒதுக்க வேண்டும். பிறகு கிணற்றுத் தண்ணீரோடு சரிபாதி கலந்தால் உப்பும் ஏறத்தாழப் பாதியாகும். கலந்த தண்ணீரை இலையில் படத் தெளிக்கக் கூடாது, இலை ஓரம் கருகும். வேரடியில் ஊற்ற வேண்டும். இந்த முறையில் தீவகத்தில் அதே 5,000 லீற்றர் ஏறத்தாழ இரண்டு மடங்கு நாள் வரும். வலிகாமத்துச் செம்மண் பகுதியில் கிணறு நல்லதென்றால் கலக்கத் தேவையில்லை, தாங்கி முடிந்தபின் கிணற்றுக்கு மாறலாம். எல்லாப் பிரிவுக்கும் ஒரே துண்டுப்பிரசுரம் அச்சடிக்காமல், குறைந்தது இந்த இரண்டு வகையையாவது பிரித்து அச்சடியுங்கள்.

இனிப் பீலி, அதாவது கூரை விளிம்பில் வடியும் தண்ணீரை ஏந்தித் தாங்கிக்குக் கொண்டுபோவது. தாங்கிக்குப் பணம் ஒதுக்கும் திட்டங்கள் பீலிக்கு ஒதுக்குவதில்லை. ஆனால் தண்ணீர் தவறுவது பெரும்பாலும் பீலியில்தான். 10 மீற்றர்ப் பீலிக்கு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 5 முதல் 10 சென்ரிமீற்றர் சரிவு வேண்டும். சரிவில்லாவிட்டால் நடுவில் தொய்ந்து தண்ணீர் நிற்கும், நுளம்பு வரும், மண் படிந்து புல் முளைக்கும். பிடிக்கும் தகடு 60 முதல் 90 சென்ரிமீற்றருக்கு ஒன்று இருக்க வேண்டும். செலவைக் குறைக்க ஒன்றரை மீற்றருக்கு ஒன்று அடித்தால் முதலாவது பெருமழையில் பீலி வளையும். ஓட்டின் விளிம்பு பீலியின் அகலத்தில் மூன்றிலொரு பங்குக்கு உள்ளே வந்து நிற்க வேண்டும். விளிம்பு குறைவாக நீட்டியிருந்தால் தூறலில் தண்ணீர் பலகையோடு வழிந்து சுவரில் இறங்கும். கூடுதலாக நீட்டியிருந்தால் பெருமழையில் பீலியைத் தாண்டிப் பாயும். எங்கள் மழை கொட்டி ஓயும் மழை, அந்த வேகத்துக்குத்தான் பீலி போட வேண்டும். மணிக்கு 100 மில்லிமீற்றர் வேகத்தில் பெய்தால் 60 சதுர மீற்றர் கூரையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் வருகிறது. 2 அங்குல இறக்குக் குழாய் அதற்குத் திணறும், 3 அங்குலம் போடுங்கள்.

வேம்பு, முருங்கை, மாமரக் கொப்புகள் கூரைக்கு மேலே இருந்தால் புரட்டாதிக்குள் வெட்டிவிட வேண்டும். அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட வீட்டில் கூரையைத் தேய்த்துக் கழுவச் சொல்லி அறிவுறுத்தாதீர்கள், தேய்த்தால் நார் கிளம்பும். அங்கே முதல் மழையைக் கழிக்க விடுவதே வழி.

முதல் மழையைக் கழிக்கிற கழிவுக் குழாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பொருத்தியவற்றில் பெரும்பாலானவை பெயருக்குத்தான் நிற்கின்றன. சோளகம் முழுக்கக் கூரையில் படிந்த புழுதி, காக்கை எச்சம், சருகுத்தூள் எல்லாம் முதல் அரை மில்லிமீற்றர் மழையோடு இறங்குகிறது. 60 சதுர மீற்றருக்கு அது 30 லீற்றர். நாலங்குலக் குழாய் ஒரு மீற்றருக்கு எட்டு, எட்டரை லீற்றர்தான் கொள்ளும். ஒரு மீற்றர் துண்டை நிறுத்தி அடியில் மூடி போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று எழுதினால் நாலில் மூன்று பங்கு அழுக்கு தாங்கிக்குள்தான் போகிறது. ஆறங்குலக் குழாயென்றால் ஒரு மீற்றருக்கு 18 லீற்றர், 1.8 மீற்றர் உயரத்தில் நிறுத்தினால் போதும். இல்லாவிட்டால் 35 லீற்றர்க் கான் ஒன்றையே கீழே வைத்து இணைக்கலாம். கழிவுக் குழாய் நிரம்பியபின் தண்ணீர் தானாக மேலிணைப்பால் தாங்கிக்குத் திரும்பும். அடியில் சிறிய வால்வு ஒன்று பூட்டி, சொட்டுச் சொட்டாக வடியும் அளவுக்குத் திறந்து வைக்க வேண்டும். அரை நாளில் வெறுமையாக வேண்டும். வால்வை இறுக மூடிவிட்டால் குழாய் நிரம்பியே நிற்கும், அடுத்த மழையின் அழுக்கு நேரே தாங்கிக்கு. அந்த வால்வின் வாயை அடைக்கப் பூவரசஞ் சருகின் ஒரு காம்பு போதும். அதனால் வால்வை ஒட்டிப் பசை போடாமல், கையால் கழற்றிக் கழுவக்கூடிய திருகு மூடியோடு பொருத்த வேண்டும். வடிகிற தண்ணீரை வாழையடிக்கு விடலாம்.

புரட்டாதி, ஐப்பசியில் வரும் முதல் இரண்டு மூன்று மழையைத் தாங்கிக்கு விடவே தேவையில்லை. கூரை கழுவுப்படட்டும். அதன்பின் நிரம்புகிற தண்ணீரையும் பூட்டி வைக்காமல் வீட்டு வேலைக்கு எடுத்துக்கொண்டே இருக்கலாம், மழை திரும்ப நிரப்பும். மார்கழிக் கடைசியில், மழை விடுகிற நேரத்தில், தாங்கி முட்ட இருக்க வேண்டும். கவனிக்க வேண்டியது அந்த ஒன்றைத்தான்.

தாங்கியைப் பற்றி. வீட்டுக்கு 5,000 லீற்றர்க் கம்பிவலைச் சீமெந்துத் தாங்கி இலங்கைக்குப் புதிதல்ல. 1995 அளவில் சமுதாய நீர்வழங்கல் திட்டத்தின் கீழ் பதுளையிலும் மாத்தறையிலும் அந்த அளவுதான் கட்டப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கு அதே வடிவத்தைக் கொண்டுவரும்போது இரண்டு விடயம் மாறுகிறது.

ஒன்று நிலம். நிரம்பிய தாங்கிக்குள் இருக்கும் தண்ணீரே 5 தொன். வலிகாமத்தில் ஒரு முழம் தோண்டினால் ஒரு பக்கம் கல்லும் மறுபக்கம் மண்ணுமாக இருக்கும் இடங்கள் நிறைய. அப்படியே கொங்கிறீற் போட்டால் மண் பக்கம் தாழும், கல் பக்கம் நிற்கும், அடித்தளம் நடுவால் வெடிக்கும். கல்லின் மேலும் ஒரு சாண் மணல் பரப்பி இறுக்கி, அதன்மேல் 10 முதல் 15 சென்ரிமீற்றர்க் கொங்கிறீற்றுக்குள் கம்பி போட வேண்டும். தென்மராட்சி, வடமராட்சி மணல் நிலத்தில் தண்ணீர் விட்டு இறுக்கியபின்தான் கொங்கிறீற்.

மற்றது மணல். கடற்கரையோர மணல் மலிவாகவும் பக்கத்திலும் கிடைக்கிறது. அதிலுள்ள உப்பு உள்ளே இருக்கும் கம்பிவலையைத் தின்னும், சில வருடத்தில் பூச்சு பிளந்து துருக்கறை வெளியே தெரியும். ஆற்று மணல் அல்லது நன்றாகக் கழுவிய மணல் என்று வேலைப்பத்திரத்தில் எழுதுங்கள், எழுதியதைப் பார்த்து வாங்குங்கள். சீமெந்து ஒன்றுக்கு மணல் மூன்று, தண்ணீர் சீமெந்தின் பாரத்தில் பாதிக்கும் குறைவு. பூச்சு இலகுவாக ஓட வேண்டுமென்று மேசன் தண்ணீரைக் கூட்டினால் சுவர் ஊறிக் கசியும். சுவர்த் தடிப்பு 3 முதல் 4 சென்ரிமீற்றர். பூசி முடித்த அடுத்த நாளிலிருந்து 14 நாள் நனைந்த சாக்கு சுற்றியிருக்க வேண்டும். இந்த 14 நாள் தவறியதால் கசியும் தாங்கிகளே அதிகம் என்பது எங்கள் கணிப்பு. ஒப்பந்தக்காரருக்கு கடைசிப் பணம் கொடுப்பதற்கு முன் தாங்கியை முட்ட நிரப்பி ஏழு நாள் மட்டத்தைக் குறித்துப் பாருங்கள். புதுச் சீமெந்தில் முதல் நிற்கிற தண்ணீர் காரமாக இருக்கும், அதை நாற்றுக்கு விடாமல் கழுவி வெளியேற்ற வேண்டும்.

தண்ணீர் எடுக்கும் குழாய் தாங்கியின் அடியிலிருந்து 10 சென்ரிமீற்றர் மேலே இருக்கட்டும், வண்டல் வராது. நிலத்திலிருந்து அந்தக் குழாய் 45, 50 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால்தான் பூவாளியை கீழே வைத்துப் பிடிக்கலாம். அடி கழுவ ஒரு தனி வழி வேண்டும். வெய்யில் காலத்தில் சீமெந்துத் தாங்கியை முற்றாக உலர விடக் கூடாது, குழாய்க்குக் கீழே உள்ள தண்ணீர் எப்போதும் கிடக்க வேண்டும். உலர்ந்து வெடித்த தாங்கியை ஒட்டுவது புதிதாகக் கட்டுவதைவிட உபத்திரவம். ஆவணிக் கடைசியிலோ புரட்டாதி தொடக்கத்திலோ ஒரு நாள் கழுவி, அன்றே கொஞ்சத் தண்ணீர் விட்டு மூடலாம்.

நுளம்பு விடயத்தில் சமரசம் கிடையாது. மார்கழி, தையில் எங்கள் மாவட்டத்தில் டெங்கு ஏறுகிறது, அதே மாதங்களில்தான் தாங்கிகளும் நிரம்பி நிற்கின்றன. முட்டை நுளம்பாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். அதோடு, 2016 கடைசியில் மன்னாரில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. அது கிணற்றிலும் தாங்கியிலும் முட்டையிடும் இனம். மலேரியா ஒழிந்த நாடு என்று 2016 இல் அறிவிக்கப்பட்ட பின் அதைத் திரும்பக் கொண்டுவரும் வாய்ப்பு இந்த நுளம்புக்கு இருக்கிறது. தாங்கியின் வாயில், மேல்வழியும் குழாயின் நுனியில், கழிவுக் குழாயின் மேல்மூடியில், மூன்றிலும் 1 மில்லிமீற்றருக்குக் குறைந்த கண்ணுள்ள வலை வேண்டும். வாயில் வலை கட்டிவிட்டு மேல்வழியும் குழாயைத் திறந்து விடுவதுதான் வழமையான பிழை. சாதாரண நைலோன் வலை வெய்யிலில் ஒரு வருடத்துக்குள் உக்கிப் பொரிந்துவிடும். துருப்பிடிக்காத எஃகு வலையைத் தாங்கியின் விலைக்குள்ளேயே சேருங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வீட்டுக்கு வரும்போது இந்த மூன்று இடத்தையும் பார்த்துச் சொல்லும்படி ஒழுங்கு செய்தால், தாங்கி வைத்திருப்பவர்களைத் தண்டிக்கிற நிலை வராது.

சொட்டுநீர்க் கருவிப் பெட்டிகளை இந்தத் தாங்கிகளோடு சேர்த்துக் கொடுப்பதை நிறுத்துங்கள். அமுக்கத்தைச் சீராக்கும் சொட்டிகளில் பலவற்றுக்கு ஒரு பார் அளவு அமுக்கம் வேண்டும். அது 10 மீற்றர் உயரத் தண்ணீர். அரை மீற்றர் மேடையில் நிற்கும் தாங்கி நிரம்பியிருக்கும்போது 0.2 பார் தரும், பாதியாகும்போது அதுவும் இல்லை. முன்வரிசைக் கன்று நனையும், பின்வரிசை காயும், பிறகு குழாயைச் சுருட்டி வைப்பார்கள். 30 கன்றுக்குப் பூவாளியே போதும். சொட்டுநீர்க் குழாய்க்குப் போகும் காசைப் பீலிக்குப் போடுங்கள்.

பூவாளியால் விட்டாலும் விடுகிற முறை இருக்கிறது. செம்மண் தண்ணீரைச் சடுதியாகக் கீழே விட்டுவிடும், மணல் நிலம் அதைவிட. சின்னக் கன்றுக்கு ஒரேயடியாக 2 லீற்றர் ஊற்றினால் முக்கால்வாசி வேருக்குக் கீழே போய்விடும். நட்ட முதல் கிழமை காலையும் மாலையும் கால் லீற்றர் வீதம், தென்னோலை அல்லது கிடுகுத் துண்டால் மேற்கு வெய்யிலை மறைத்து. பிறகு அரை லீற்றர், ஒரு லீற்றர் என்று கூட்டலாம். கன்றைச் சுற்றி ஒரு சாண் ஆரத்தில் வரம்பு கட்டி, உள்ளே மூன்று நாலு விரல் தடிப்பில் சருகு போட வேண்டும். தண்டை ஒட்டி நாலு விரல் விட்டுப் போடாவிட்டால் அங்கே ஈரம் நின்று அடித்தண்டு அழுகும். கறையான் உள்ள வளவில் முழுக் காய்ந்த சருகைவிடப் பச்சைக் குழை கலந்தது நல்லது.

குழை தாழ்ப்பதும் பொச்சுப் புதைப்பதும் எங்கள் மக்கள் அறிந்தவை, அதைத் திட்டத்துக்குள் கொண்டுவரத்தான் ஆளில்லை. மழைக்கு முன், புரட்டாதியில், பாத்திக்கு நடுவால் ஒன்றரை அடி ஆழத்தில் கான் வெட்டி, தேங்காய்ப் பொச்சைக் குழிப்பக்கம் மேலே பார்க்க இரண்டு அடுக்கு வைத்து, மேலே பூவரசு, கிளிசரியாக் குழை போட்டு மண்ணால் மூடலாம். கார்த்திகை மழை பொச்சிலுள்ள உப்பைக் கழுவிவிடும், பொச்சு ஊறி நிற்கும். மாசியில் அதன் ஓரத்தில் நடும் கன்றுக்கு விடுகிற தண்ணீர் கீழே ஓடிப்போகாமல் வேரெட்டும் இடத்தில் தங்கும். இதற்குச் செலவே இல்லை. தேங்காய் உரிக்கும் இடங்களிலிருந்து பொச்சை ஏற்றிவரச் சபையின் உழவு இயந்திரம் ஒரு நாள் போதும்.

பாகல், புடோல், பூசணிக்குப் பானை புதைக்கும் முறையைப் பரிந்துரைக்கிறோம். பளபளப்புப் பூசாத, ஐந்து ஆறு லீற்றர் மண்பானையைக் கழுத்து மட்டும் தெரியப் புதைத்து, சுற்றி நாலு விதை ஊன்றி, பானையை நிரப்பி மூட வேண்டும். மூடாவிட்டால் அதுவும் நுளம்புக் கிடங்கு. மண்ணைப் பொறுத்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பலாம். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம்; அதை ஊற்றினால் பானையின் நுண்துளைகளில் வெள்ளை படிந்து நாளடைவில் ஊறுவது நின்றுவிடும். மழைத் தண்ணீரில் அந்தச் சிக்கல் இல்லை. பானை முறையை முயன்று கைவிட்டவர்களுக்குச் சொல்ல வேண்டிய காரணம் இதுதான்.

மேல்வழியும் தண்ணீர்: ஒரு வீட்டில் பருவத்துக்கு 28,000 லீற்றர் வரை. அது ஒழுங்கையால் ஓடி வடிகானில் விழுந்து கடலுக்குப் போக விடுவதா? ஒரு மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் ஆழத்தில் குழி வெட்டி, கீழே பெரிய கல், மேலே சிறு கல், கடைசியாக ஒரு முழம் மணல் போட்டு அதற்குள் விடலாம். கிணற்றிலிருந்து 5 மீற்றராவது, மலகூடக் குழியிலிருந்து 15 மீற்றராவது தள்ளி இருக்க வேண்டும். சுண்ணக்கல் வெடிப்புகளால் அழுக்கு வடிபடாமல் நேரே கிணற்றுக்குப் போய்விடும், ஆகையால் மணல் அடுக்கைக் குறைக்கக் கூடாது. வலிகாமத்துக் கிணறுகளில் உரத்தாலும் மலகூடக் குழிகளாலும் நைத்திரேற்று ஏறியிருப்பது நெடுங்காலமாகத் தெரிந்த விடயம். நல்ல மழைத் தண்ணீர் இறங்கினால் அது ஐதாகும்.

சபைகளிடம் கேட்பவை சில. நகர அபிவிருத்தி அதிகாரசபைத் திருத்தச் சட்டம் 2007 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கமாக வந்து, மழைநீர் சேகரிப்பு அந்த அதிகாரசபைப் பிரதேசங்களின் கட்டட அனுமதிக்குள் வந்தது. கட்டட வரைபடத்தில் பீலியும் தாங்கியும் கோடாக இருந்தால் போதாது. கட்டி முடித்தபின் சான்றிதழ் கொடுக்கப் போகும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பீலிச் சரிவையும், கழிவுக் குழாயின் கொள்ளளவையும், வலையையும் பார்த்துக் கையெழுத்திடட்டும். அந்தச் சட்டத்துக்கு வெளியே உள்ள பிரிவுகளில் சபையே ஒரு தீர்மானமாக இதை எடுக்கலாம்.

சந்தைக் கட்டடங்களும் வாசிகசாலைகளும் சபையின் கையில்தான் இருக்கின்றன. 400 சதுர மீற்றர்ச் சந்தைத் தகரக்கூரையில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 36,000 லீற்றர். அந்தத் தண்ணீரில் சபையே தையில் நாற்று மேடை போட்டு, மாசியில் கொடுக்கும் கன்றைத் தானே உற்பத்தி செய்யலாம். லொறியில் வெளியிலிருந்து வரும் கன்று வாடிய வேரோடு வருகிறது.

பணம் விடுவிக்கும் மாதத்தையும் மாற்றுங்கள். கார்த்திகை, மார்கழியில் ஆண்டுக் கணக்கு முடிக்க அவசரமாகக் கட்டும் தாங்கிக்குப் பூச்சுக் காய நேரமில்லை, மழையும் அதற்குள் முடிந்துவிடும். ஆடிக் கூட்டத்தில் தீர்மானம் எடுத்தால் ஆவணியில் கேள்விப்பத்திரம், புரட்டாதி முடிவதற்குள் கட்டிச் சாக்கு சுற்றி முடிக்கலாம், ஐப்பசியில் நிரப்பிப் பார்க்கலாம். ஒரு பிரிவில் முதல் வருடம் 20 வீடு போதும். கிணறு சவரான வீடு, பெண் தலைமை தாங்கும் வீடு என்று தெரிவு செய்யுங்கள். தெரிவு செய்தவர்களுக்குப் புரட்டாதியிலேயே பொச்சுக் கானும் வெட்ட உதவுங்கள்.

மேசன்மாருக்கான இரண்டு நாள் பயிற்சிக்கும், பீலி பொருத்தும் அளவுத்தாளுக்கும், இந்த மடலில் உள்ள கணக்கை ஒவ்வொரு வீட்டுக் கூரைக்கும் தனித்தனியாகப் போட்டுத் தருவதற்கும் நாங்கள் கூலியின்றி வருகிறோம். உங்கள் ஆடி மாத அமர்வின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, திகதியை முன்கூட்டியே அறியத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகப் பகுதிகளில் வீட்டுத்தோட்டம் செய்பவர்களும் தாங்கி கட்டும் மேசன்மாரும்